லேபர் லா போஸ்டர் வாங்கச் சொல்லி வரும் கடிதம்: எப்படி வாசிப்பது, என்ன செய்வது

அமெரிக்காவில் புதிதாக ஓர் எல்எல்சியையோ (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) கார்ப்பரேஷனையோ பதிவு செய்தவருக்கு முதல் வாடிக்கையாளர் கிடைப்பதற்கு முன்பே சில கடிதங்கள் கிடைத்துவிடும். அவற்றுள் ஒன்றாவது லேபர் லா போஸ்டர், அதாவது பணியிடத்தில் ஒட்டும் தொழிலாளர் சட்ட அறிவிப்பு, பற்றியதாக இருக்கும். உறையின் மூலையில் கழுகோ, மாநில முத்திரையை ஒத்த வட்டமோ அச்சாகியிருக்கும். உள்ளே இருக்கும் தாள் வரிப் படிவம் போலக் கட்டம் கட்டமாக வகுக்கப்பட்டு, நிறுவனத்தின் பெயர், பதிவு நாள், ஓர் அடையாள எண், பட்டைக்குறியீடு, பதில் அனுப்ப வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றோடு காட்சி தரும். தொழிலாளர் சட்ட அறிவிப்புகளைப் பணியிடத்தில் ஒட்டாத நிறுவனத்துக்குப் பல்லாயிரம் டாலர் அபராதம் விதிக்கப்படலாம் என்று நடுவில் ஒரு பத்தி சொல்லும். அடியில், கிழித்து அனுப்புவதற்கான துண்டும், பெரும்பாலும் நூறு டாலரை ஒட்டிய ஒரு தொகையும், காசோலையை யார் பெயருக்கு எழுத வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும்.

இக்கடிதத்தைப் பலர் நம்பிவிடுவதற்குக் காரணம், அதில் சொல்லப்படுவதில் பாதி உண்மையாக இருப்பதுதான். பணியாளர்களை வைத்திருக்கும் நிறுவனம் சில அறிவிப்புகளை அவர்கள் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டமும் மாநிலச் சட்டங்களும் சொல்கின்றன. அவற்றுள் சிலவற்றை மீறினால் அபராதமும் உண்டு. ஆனால் சட்டம் கேட்பது ஒட்டுவதை மட்டுமே. அந்த அறிவிப்புகளை இன்னாரிடம் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஃபெடரல் அறிவிப்புகள் அனைத்தையும் அந்தந்தத் துறைகளே இலவசமாக வழங்குகின்றன. மாநில அறிவிப்புகளை மாநிலத் துறைகள் தருகின்றன. உண்மையான கடமையையும், பணம் கட்டியாக வேண்டும் என்ற பொய்த் தோற்றத்தையும் ஒரே தாளில் ஒட்டவைப்பதே இக்கடிதத்தின் வேலை. ஆகவே அதைக் கையாளும் வழி, அந்த இரண்டையும் பிரித்தெடுத்து, கடமையை மட்டும் நாமே நிறைவேற்றுவது.

உங்கள் முகவரி அவர்களுக்குக் கிடைத்த வழி

பதிவு செய்யும்போது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கோ, அதற்கு இணையான மாநிலத் துறைக்கோ நாம் தரும் விவரங்களில் பெரும்பகுதி பொது ஆவணம். நிறுவனத்தின் பெயர், பதிவு எண், பதிவான நாள், சட்டபூர்வ அறிவிப்புகளைப் பெறும் முகவரின் பெயர், முகவரி ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பல மாநிலங்களில் மொத்தமாகவும் பெற்றுக்கொள்ளலாம். எனவே, கடிதத்தில் உங்கள் பதிவு எண் பிழையின்றி அச்சாகியிருப்பது அது அரசிடமிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகாது. வீட்டு முகவரியைப் பதிவில் தருவதைத் தவிர்க்க விரும்புவோர் பணம் கொடுத்து ஒரு பதிவு முகவரை அமர்த்திக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தாலும் கடிதங்கள் முற்றிலும் நின்றுவிடுவதில்லை, முகவர் வழியாக வந்து சேரும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பதிவேட்டைப் பார்ப்பவருக்கு நீங்கள் ஒரு நிறுவனம் தொடங்கியிருப்பது தெரியும். அதில் யாராவது சம்பளத்துக்கு வேலை செய்கிறார்களா என்பது தெரியாது. வாடகைக்கு விட்ட வீட்டை எல்எல்சி பெயருக்கு மாற்றியவர், தனியாளாக மென்பொருள் ஆலோசனை செய்பவர், வார இறுதியில் பரதநாட்டியம் கற்பிப்பவர், வீட்டிலிருந்து கேட்டரிங் செய்பவர் என எல்லோருக்கும் அதே கடிதம், அதே அபராத எச்சரிக்கையோடு வருகிறது. முதலாளி என்று அழைக்கப்படும் இவர்களில் பலருக்கு ஒரு பணியாளர்கூட இருக்க மாட்டார். பணியாளர் இருப்பது அரசுக்கு உண்மையில் தெரியவருவது, பேரோல் (சம்பளப் பட்டுவாடா) தொடங்கும்போது மாநிலத்தில் திறக்கப்படும் வேலையின்மைக் காப்பீட்டு வரிக் கணக்கு போன்றவற்றின் வழியாகத்தான். அந்தக் கணக்கே இல்லாத ஒருவருக்குத் தொழிலாளர் துறையின் பெயரால் ‘இறுதி அறிவிப்பு’ வருகிறது என்றால், அனுப்பியவர் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவராக இருப்பது அரிது.

கடிதத்தை வாசிக்கும் முறை

வந்த அன்றே பதில் அனுப்ப வேண்டியதில்லை. கடைசி நாள் என்று அச்சிடப்பட்டிருப்பது விற்பவர் வைத்த நாளே தவிர, சட்டம் வைத்த நாள் அன்று. உறையைத் தூக்கி எறியாமல் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் புகார் செய்ய நேர்ந்தால் உறையும் தேவைப்படும்.

முதலில் உறையைப் பாருங்கள். இத்தகைய உறைகளில் ‘2,000 டாலர் அபராதம், 5 ஆண்டு சிறை’ என்ற வரி அடிக்கடி காணப்படும். அதன் அருகில் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பைச் சேர்ந்த 1702ஆம் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தப் பிரிவு, பிறருக்கு வந்த அஞ்சலை இடைமறிப்பவரையும் பிரிப்பவரையும் பற்றியது. உங்களுக்கு வந்த கடிதத்தை நீங்கள் படித்துவிட்டுக் குப்பையில் போடுவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அரசு அனுப்பும் சாதாரண அறிவிப்பு எதுவும் தன் உறையில் சிறைத் தண்டனையை விளம்பரப்படுத்திக்கொண்டு வருவதில்லை என்பதால், அந்த வரியையே விற்பனைக் கடிதத்தின் அடையாளமாகக் கொள்ளலாம்.

அடுத்து, பொறுப்புத் துறப்பு வரியைத் தேடுங்கள். சட்டத் தொகுப்பின் 39ஆம் தலைப்பு, 3001ஆம் பிரிவின்படி, பில் போன்றோ கணக்கு அறிக்கை போன்றோ தோன்றும் விற்பனைக் கடிதத்தை அஞ்சலில் அனுப்ப வேண்டுமானால், ‘இது பொருளையோ சேவையையோ வாங்குமாறு கேட்கும் கடிதம், பில் அன்று, ஏற்றுக்கொண்டால் ஒழிய நீங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு எளிதில் கண்ணில் படும் எழுத்தில் இருக்க வேண்டும். ஃபெடரல் அரசோடு தொடர்பு இருப்பதாக எண்ணவைக்கும் கடிதமாயின், இது அரசு நிறுவனம் அனுப்பியது அன்று, அரசின் ஒப்புதல் பெற்றதும் அன்று என்ற அறிவிப்பும் வேண்டும்; உறையிலும் ‘இது அரசு ஆவணம் அன்று’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். நடைமுறையில் இவ்வரிகள் சாம்பல் நிறத்திலோ, நீண்ட பத்தியின் நடுவிலோ, தாளின் பின்பக்கத்திலோ ஒளிந்திருப்பதைக் காணலாம். வரி இருந்தால், இது விற்பனைக் கடிதம் என்று அனுப்பியவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பொருள். பில் போன்ற கடிதத்தில் வரி இல்லாவிட்டால், அதை அஞ்சலில் அனுப்பியதே சட்டப்படி தவறு. இரண்டில் எதுவாயினும் நீங்கள் பணம் அனுப்பக் காரணம் இல்லை.

பிறகு, காசோலை யார் பெயருக்குக் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். அரசுக் கட்டணமானால் துறையின் பெயரோ மாநிலக் கருவூலத்தின் பெயரோ இருக்கும். இங்கோ, ‘இணக்கம்’, ‘செயலாக்கம்’, ‘மையம்’, ‘பிரிவு’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து, அலுவலகம் போல ஒலிக்கும் ஒரு தனியார் பெயர் இருக்கும். திருப்பி அனுப்பும் முகவரி மாநிலத் தலைநகரில் இருக்கும். ‘சூட்’ (அலுவலக அறை) என்று ஓர் எண்ணும் தொடரும். அந்த முகவரியை இணைய வரைபடத்தில் இட்டுப் பார்த்தால் வாடகை அஞ்சல் பெட்டிக் கடை தென்படுவது வழக்கம். இணையதள முகவரி டாட் காம், டாட் ஆர்க், டாட் யுஎஸ் என்று முடிந்தால் அது யாருடையதாகவும் இருக்கலாம். டாட் கவ் என்ற முடிவு மட்டுமே அரசு அமைப்புகளுக்கு உரியது. கடிதத்தில் தரப்பட்ட தொலைபேசி எண்ணை அழைத்து ‘நீங்கள் அரசா?’ என்று கேட்பதில் பயனில்லை. துறையின் எண்ணைத் துறையின் தளத்திலிருந்தே எடுத்து அழையுங்கள்.

அபராதத் தொகையைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் அனுப்பவைப்பது அந்த எண்தான். குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பை ஒட்டாததற்கு ஃபெடரல் சட்டத்தில் அபராதமே இல்லை. குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்ட அறிவிப்புக்கு 2025ஆம் ஆண்டு நிலவரப்படி உச்சவரம்பு 216 டாலர். அதுவும் வேண்டுமென்றே ஒட்டாமல் விட்டால். பணிப் பாதுகாப்பு அறிவிப்புக்கு அதே ஆண்டின் உச்சவரம்பு 16,550 டாலர். கடிதங்கள் இவற்றுள் பெரிய எண்ணை மட்டும் எடுத்துத் தடித்த எழுத்தில் போடுகின்றன. உச்சவரம்பு என்பது விதிக்கக்கூடிய எல்லை. எல்லோருக்கும் விதிக்கப்படும் தொகை அன்று. அதற்கும் ஒரு நடைமுறை உண்டு: பணிப் பாதுகாப்புத் துறை (ஓஷா) ஆய்வு செய்து, எழுத்து மூலம் குற்றச்சாட்டு அனுப்பி, அதை மறுப்பதற்கு 15 வேலை நாட்கள் தந்தாக வேண்டும். போஸ்டர் ஆர்டர் படிவத்தோடு அபராதம் வந்து சேர்வதில்லை.

உங்களுக்குப் போஸ்டர் தேவையா?

பணியாளர் எவரும் இல்லாமல் நீங்கள் ஒருவரே நடத்தும் எல்எல்சியாக இருந்தால், ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. கடிதத்தைப் புகாருக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கார்ப்பரேஷனாகப் பதிந்து, உங்களுக்கே டபிள்யூ-2 (பணியாளருக்கான வரிப் படிவம்) முறையில் சம்பளம் எடுத்துக்கொள்பவராக இருந்தால் நிலைமை சற்று வேறு. சில சட்டங்களின் கண்ணில் நீங்களே அந்நிறுவனத்தின் பணியாளர். மாநிலத் தொழிலாளர் துறையிடமோ உங்கள் கணக்காளரிடமோ (சிபிஏ) ஒருமுறை கேட்டுத் தெளிவதில் தவறில்லை. 1099 படிவத்தில் பணம் பெறும் ஒப்பந்தக்காரர் பொதுவாகப் பணியாளராகக் கருதப்படுவதில்லை என்றாலும், அவர் உண்மையிலேயே ஒப்பந்தக்காரர்தானா என்பதை நிர்ணயிப்பது படிவம் அன்று, வேலையின் தன்மை.

பணியாளர் இருந்தால், ஃபெடரல் அளவில் எந்தெந்த அறிவிப்புகள் தேவை என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல அமெரிக்கத் தொழிலாளர் துறையே ‘போஸ்டர் அட்வைசர்’ என்ற இணையக் கருவியை வைத்திருக்கிறது. துறையின் தளமான டிஓஎல் டாட் கவ் சென்று அப்பெயரைத் தேடினால் கிடைக்கும். எத்தனை பணியாளர், என்ன தொழில், அரசு ஒப்பந்தம் உண்டா என்பன போன்ற சில கேள்விகளுக்குப் பதில் சொன்னதும், தேவையான அறிவிப்புகளின் பட்டியலையும் அச்சிடத் தக்க கோப்புகளையும் அது தந்துவிடும். கட்டணம் இல்லை.

சிறு நிறுவனம் ஒன்றுக்குப் பொதுவாக என்ன வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு, பணிப் பாதுகாப்பு அறிவிப்பு, வேலைக்கு எடுக்கும்போது பொய் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவதற்கு எதிரான பாலிகிராஃப் சட்ட அறிவிப்பு ஆகிய மூன்றும் தனியார் முதலாளிகளில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். ராணுவப் பணிக்குச் சென்று திரும்புவோரின் உரிமை பற்றிய அறிவிப்பையும் பணியாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சுவரில் ஒட்டலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். வேலைவாய்ப்பில் பாகுபாடு கூடாது என்ற அறிவிப்பு 15 பணியாளர் முதலும், குடும்ப, மருத்துவ விடுப்பு அறிவிப்பு 50 பணியாளர் முதலும் தேவைப்படும். நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கு இந்தக் கடைசி இரண்டும் ஃபெடரல் சட்டப்படி கட்டாயம் இல்லை. விற்பவரின் எச்சரிக்கையோ இவற்றையும் சேர்த்துக்கொண்டு பட்டியலை நீட்டும்.

தமிழர்கள் நடத்தும் மென்பொருள் ஆலோசனை நிறுவனங்களுக்கு இரண்டு கூடுதல் கடமைகள் உண்டு. இவற்றைப் போஸ்டர் கடிதங்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. ஸ்டெம் ஓபிடி நீட்டிப்பில் (அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர்களுக்கான கூடுதல் பணி அனுமதி) உள்ள பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனம், வேலை செய்யும் தகுதியை இணையத்தில் சரிபார்க்கும் இ-வெரிஃபை திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்த நிறுவனம் அத்திட்டத்துக்குரிய அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் காட்சிக்கு வைக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவுக்காகத் தொழிலாளர் துறையிடம் தரும் எல்சிஏ என்ற ஊதிய, பணிநிலை விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யும்போது, பணியாளர் வேலை செய்யப்போகும் இடத்தில் இரண்டு கண்படும் இடங்களில் அதற்கான அறிவிப்பை மொத்தம் 10 நாட்கள் வைக்க வேண்டும். மின்னணு முறையிலும் தெரிவிக்கலாம். இவை எல்லா அறிவிப்பையும் ஒன்றாகச் சேர்த்த ‘ஆல் இன் ஒன்’ போஸ்டரில் பொதுவாக அச்சாகி வருபவை அல்ல. எல்சிஏ அறிவிப்பு ஒவ்வொரு தாக்கலுக்கும் தனித்தனியானது. நூறு டாலர் கொடுத்து வாங்கிய போஸ்டரை மாட்டிவிட்டு, இதை விட்டுவிட்ட நிறுவனம்தான் உண்மையில் சிக்கலுக்கு ஆளாகும்.

மாநில அறிவிப்புகள்தாம் எண்ணிக்கையில் அதிகம், அடிக்கடி மாறுபவையும் அவையே. நியூ ஜெர்சியின் தொழிலாளர் துறை முதலாளிகளுக்குத் தேவையான அறிவிப்புகளை ஒரு தொகுப்பாகவே தன் தளத்தில் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் தொழில் உறவுகள் துறையின் தளத்தில் பணியிட அறிவிப்புகளுக்கென்று தனிப் பக்கம் உண்டு. அங்கே பொது அறிவிப்புகளோடு, உங்கள் தொழில் வகைக்குரிய ஊதிய ஆணையையும் ஒட்ட வேண்டும். உணவகத்துக்கு 5ஆம் ஆணை, அலுவலகம் சார்ந்த பெரும்பாலான வேலைகளுக்கு 4ஆம் ஆணை. டெக்சஸில் டெக்சஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனின் தளத்தில் பட்டியல் கிடைக்கும். அந்த மாநிலத்தில் தனியார் முதலாளி பணியாளர் விபத்துக் காப்பீடு எடுப்பது கட்டாயம் இல்லை. ஆனால் எடுக்காதவரும் ‘எங்களிடம் இக்காப்பீடு இல்லை’ என்ற அறிவிப்பை ஒட்டியாக வேண்டும். காப்பீடு எடுத்தவர்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதற்கான அறிவிப்பைத் தங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமே கேளுங்கள், ஏனெனில் அதில் காப்பீட்டாளரின் பெயர் போன்ற விவரங்கள் நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.

சில இடங்களில் நகரமும் தன் பங்குக்கு ஓர் அறிவிப்பு வைத்திருக்கும். சான் ஹோசே, சன்னிவேல், சான்டா கிளாரா, ஃப்ரீமான்ட் ஆகிய நகரங்களுக்குத் தனித்தனிக் குறைந்தபட்ச ஊதியம் இருப்பதால், அங்கே கடை வைத்திருப்பவர் நகராட்சித் தளத்தையும் பார்த்துவிட வேண்டும்.

அச்சிடுவதும் ஒட்டுவதும்

வீட்டு அச்சுப்பொறி போதும். ஃபெடரல் அறிவிப்புகளில் அளவு பார்த்து அச்சிட வேண்டியது பணிப் பாதுகாப்பு அறிவிப்புதான்: தாள் குறைந்தது எட்டரைக்குப் பதினான்கு அங்குலம், அதாவது லீகல் அளவு இருக்க வேண்டும், எழுத்து 10 புள்ளிக்குக் குறையக் கூடாது. லீகல் தாள் கையில் இல்லாவிட்டால் பணிப் பாதுகாப்புத் துறையிடம் கேட்டால் அச்சிட்ட பிரதியை இலவசமாகவே அனுப்பிவைக்கும். அத்துறையின் பழைய பதிப்புப் போஸ்டரை வைத்திருப்பவர் புதியதாக மாற்ற வேண்டியதில்லை என்று துறையே சொல்கிறது. ‘உங்கள் போஸ்டர் காலாவதியாகிவிட்டது’ என்ற கடிதம் வரும்போது இதை நினைவில் வையுங்கள். லாமினேஷன் செய்தாக வேண்டும் என்று ஃபெடரல் விதி எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் தோசைக் கல்லுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டுவதாயின் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைப்பது நல்லது. எண்ணெய் படிந்து படிக்க முடியாமல் போன அறிவிப்பு ஒட்டாத அறிவிப்புக்குச் சமம்.

பணியாளர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடமே சரியான இடம்: நேரப் பதிவுக் கருவியின் அருகில், ஓய்வறையில், உணவு உண்ணும் மேசைக்கு மேலே. முதலாளியின் அறைக்குள்ளோ கோப்பு அலமாரிக்குள்ளோ வைப்பது கணக்கில் சேராது. சில அறிவிப்புகள் வேலைக்கு விண்ணப்பிக்க வருபவர் கண்ணிலும் பட வேண்டும். இரண்டு கிளைகள் இருந்தால் இரண்டிலும் ஒட்டுங்கள். சமையலறையில் ஸ்பானிய மொழி மட்டும் வாசிப்பவர்கள் வேலை செய்தால், ஃபெடரல் அறிவிப்புகளின் ஸ்பானியப் பிரதிகளும் அதே தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றையும் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அனைவரும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் நிறுவனமாயின், தொழிலாளர் துறை 2020 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, எல்லோரும் முழுநேரமும் தொலைவிலிருந்து பணிபுரிபவராகவும், வழக்கமாகவே தகவல்களை மின்னணு முறையில் பெறுபவராகவும், எந்நேரமும் அந்த அறிவிப்புகளைத் திறந்து பார்க்கக்கூடியவராகவும் இருந்தால், இணையத்தில் வைப்பதே போதுமானது. ஒருவராவது அலுவலகம் வருகிறார் என்றால் சுவரிலும் வேண்டும்.

ஒட்டி முடித்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, நிறுவன ஆவணங்களோடு சேமித்து வையுங்கள்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லாதவர், அலுவலகப் பொருட்கள் விற்கும் கடையிலோ இணையத்திலோ லாமினேட் செய்த ஒருங்கிணைந்த போஸ்டரை வாங்கிக்கொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை. அது நியாயமான வணிகம், விலையும் பெரும்பாலும் இக்கடிதங்கள் கேட்பதைவிடக் குறைவு. எதை வாங்குகிறோம், யாரிடம் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவதற்கும், அபராதம் என்று நினைத்துப் பயந்து பணம் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடே இங்கு பொருட்டு. ஆனால் வாங்கிய போஸ்டரும் கடமையை முழுமையாக்கிவிடாது. நகர அறிவிப்பு, தொழில்வகை ஊதிய ஆணை, காப்பீட்டு அறிவிப்பு ஆகியவை அதில் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால்

காசோலை இன்னும் வங்கியில் பணமாக்கப்படவில்லை என்றால், அதை நிறுத்திவைக்கச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம். அதற்கு வங்கி கட்டணம் வாங்கும் என்பதால் தொகையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். சொந்தக் கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், பில்லில் அத்தொகை முதலில் வந்த அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். நிறுவனக் கார்டானால் அந்தப் பாதுகாப்பு சட்டப்படி அதே அளவில் பொருந்தாமல் போகலாம். எனினும் வங்கியின் சொந்த விதிகளின்படி மறுக்க இடமிருக்கும். அடுத்த ஆண்டும் தானாகப் பணம் பிடிக்கும் ஒப்புதல் எதிலாவது கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று படிவத்தின் பிரதியைத் தேடிப் பாருங்கள். விற்றவருக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, அரசுக் கட்டணம் என்று எண்ணவைக்கப்பட்டதால் பணம் செலுத்தியதாகவும், அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேளுங்கள். மாநில அட்டர்னி ஜெனரலிடம் புகார் செய்யவிருப்பதைக் குறிப்பிட்டால் பணம் திரும்பி வர வாய்ப்பு கூடும். இதற்கிடையில் போஸ்டர் வந்து சேர்ந்தால், அதிலுள்ள ஒவ்வொரு அறிவிப்பின் திருத்த நாளையும் அரசுத் தளத்தோடு ஒப்பிட்டுச் சரியானவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேட்காமலேயே போஸ்டரை அனுப்பிவிட்டுப் பில் அனுப்புவோரும் உண்டு. 39ஆம் தலைப்பின் 3009ஆம் பிரிவின்படி, ஆர்டர் செய்யாமல் அஞ்சலில் வந்த பொருளைப் பெற்றவர் அன்பளிப்பாகக் கொள்ளலாம். பணமும் தர வேண்டியதில்லை, திருப்பி அனுப்பவும் வேண்டியதில்லை.

புகார் செய்யும் இடங்கள்

அஞ்சலில் வந்தது என்பதால் அஞ்சல் துறையின் புலனாய்வுப் பிரிவான போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸின் தளத்தில் புகார் பதியலாம். ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு ரிப்போர்ட்ஃப்ராட் டாட் எஃப்டிசி டாட் கவ் என்ற தளம் உண்டு. சிறு வணிகங்களைக் குறிவைக்கும் மோசடிகளுக்கு எதிராக அந்தக் கமிஷன் 2018 ஜூனில் ‘ஆபரேஷன் மெயின் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் மாநிலங்களோடு சேர்ந்து நடவடிக்கை எடுத்தது. அரசு போலவோ வேறு நிறுவனம் போலவோ நடித்து ஏமாற்றுவதைத் தடைசெய்யும் அதன் விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு மூன்றாவது இடம். ஒரே வகைக் கடிதம் பற்றிப் பல புகார்கள் சேர்ந்தால் வழக்குத் தொடுப்பதும் பணத்தைத் திருப்பித் தரச்செய்வதும் பெரும்பாலும் அவர்களே. புகாரில் உறையின் இருபுறப் படம், கடிதத்தின் எல்லாப் பக்கங்களின் படம், வந்த நாள் ஆகியவற்றை இணையுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பிற கடிதங்கள்

போஸ்டர் கடிதத்தை அடையாளம் கண்டவருக்கு இவற்றையும் கண்டுகொள்வது எளிது. நிறுவனம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லும் சான்றிதழை வாங்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். அச்சான்றிதழ் வங்கியோ வேறு மாநிலமோ கேட்டால் மட்டும் தேவைப்படுவது. ஃப்ளோரிடாவில் எல்எல்சிக்கும் கலிபோர்னியாவிலும் அரசிடம் நேரடியாகக் கேட்டால் அதன் விலை 5 டாலர். கடிதம் கேட்பது அதைப்போல் பல மடங்கு. ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைத் தயாரித்துத் தருவதாக இன்னொன்று வரும். அக்குறிப்புகளை மாநிலத்திடம் தாக்கல் செய்யும் வழக்கமே இல்லை. கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்எல்சி தரும் விவர அறிக்கைக்கு அரசுக் கட்டணம் 20 டாலர். இது உண்மையான கடமை என்பதால், இதன் பெயரில் வரும் கடிதம்தான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுகிறது. நிறுவனத்தின் உண்மை உரிமையாளர் யார் என்ற அறிக்கையை உடனே தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் என்று மிரட்டும் கடிதங்களும் வருகின்றன. 2025 மார்ச்சில் அமெரிக்கக் கருவூலத் துறையின் நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவான ஃபின்சென் வெளியிட்ட இடைக்கால விதி அமெரிக்காவிலேயே பதிவான நிறுவனங்களுக்கு அக்கடமையிலிருந்து விலக்களித்துவிட்டது. கடமை இருந்த காலத்திலும் அதைத் தாக்கல் செய்ய அரசு கட்டணம் வாங்கவில்லை.

நிறுவனத்தின் அஞ்சலை வேறொருவர் பிரித்துப் பில்களுக்குப் பணம் செலுத்துவதாயின், அவருக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிவைப்பது போதும்: டாட் கவ் தளத்தில் உள்நுழைந்து பார்த்து உறுதி செய்யாத எந்த அரசுக் கட்டணத்துக்கும் காசோலை எழுதக் கூடாது.

பல மாநிலங்களில் குறைந்தபட்ச ஊதியம் ஜனவரி 1 அன்றும், சில இடங்களில் ஜூலை 1 அன்றும் மாறுவதால், ஒட்டிய அறிவிப்புகளை அவ்விரு நாட்களையொட்டிச் சரிபார்ப்பது வசதி. ‘புதிய சட்டம், புதிய போஸ்டர்’ என்ற கடிதங்கள் குவிவதும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான். உங்கள் மாநிலத் தொழிலாளர் துறை மின்னஞ்சல் வழி அறிவிப்பு அனுப்புவதாக இருந்தால் அதில் பதிந்துகொள்ளுங்கள். மாறிய தாளை மட்டும் பதிவிறக்கி, அச்சிட்டு, பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டினால் அந்த ஆண்டுக்கான வேலை முடிந்தது.